கொரியன் கிளாஸ் ஃபேஷியல் கிட் வாங்கலாமா? சேலத்தில் சின்ன பார்லர் வைத்திருக்கிறேன்

குகை_பார்லர்

வணக்கம். சேலம் குகைப் பக்கம் வீட்டு முன்னறையையே பார்லராக்கி ஒன்பது வருடமாக நடத்துகிறேன். இரண்டு நாற்காலி, ஒரு ஃபேஷியல் கட்டில், உதவிக்கு ஒரு பெண், அவ்வளவுதான். முன்பெல்லாம் கோல்டு ஃபேஷியலா, ஃப்ரூட் ஃபேஷியலா என்று கேட்டு வருவார்கள், நடுவில் கொஞ்ச காலம் எல்லோருக்கும் டீ-டேன் பைத்தியம், இப்போது காலேஜ் பெண்ணிலிருந்து ரிட்டயர் ஆகப்போகிற டீச்சர் வரை ஒரே வார்த்தைதான், கிளாஸ் ஸ்கின். போனை நீட்டி ஏதோ ஒரு கொரியன் சீரியல் நடிகை முகத்தைக் காட்டி, இந்த மாதிரி வேணும்க்கா என்கிறார்கள். நம் ஊரில் சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குப் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்றால் எல்லோருக்கும் முகம் கண்ணாடி மாதிரிதான் மின்னும், அதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஆடி மாதம், கடை காற்று வாங்குகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து ஆவணி முகூர்த்தம் வந்தால்தான் எனக்குக் கையில் காசு. இதைத் தெரிந்தே போல ஒரு ஏஜென்ட் வந்தார். அவர் விரித்த கடையில் மூன்று சரக்கு.

முதலாவது கொரியன் கிளாஸ் ஃபேஷியல் கிட். 3,800 ரூபாய், பத்து குட்டி டப்பா, எட்டுப் பேருக்கு வருமாம், ஆளுக்கு 2,000 வாங்கலாமாம். இரண்டாவது பிபி குளோ மெஷின். பேனா மாதிரி இருக்கிறது, முனையில் நுண்ணிய ஊசிகள், அதை வைத்து நிறம் கலந்த கிரீமைத் தோலுக்குள் இறக்கினால் ஆறு மாதத்துக்கு மேக்கப்பே வேண்டாமாம். தவணையிலும் தருகிறார். மூன்றாவது ஒரு வெள்ளை டியூப். பெயர் இல்லை, விலை இல்லை, ஒன்றுமே இல்லை. கொரியன் நைட் பூஸ்டர், மூன்றே நாளில் நிறம் ஏறும், ஒரு தடவை போட்ட கஸ்டமர் உங்களை விட்டு வேறு எங்கும் போகமாட்டார் என்று கண் அடிக்காத குறையாகச் சொன்னார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று கிட்டை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் காசு கொடுக்கவில்லை. உண்மையிலேயே கொரியாவில் இப்படித்தான் செய்கிறார்களா? நம் வெயிலுக்கு இது ஒத்துவருமா? இன்னொன்று, ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கிற ஒரு பெண் என்னிடம் புக் செய்திருக்கிறாள். போன வாரம் த்ரெடிங் செய்ய வந்தவளுக்கு நூல் பட்டதுமே தோல் உரிந்துவிட்டது, கன்னமெல்லாம் சிவப்பு. ஒன்பது வருடத்தில் எனக்கு இப்படி நடந்ததில்லை. கேட்டால், ஆன்லைனில் கொரியன் கிரீம் வாங்கிப் போடுகிறேன் அக்கா, நல்லா வெளுத்திருக்கேன்ல என்கிறாள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

செவ்வாய்ப்பேட்டை_மருந்துக்கடை

அக்கா, உங்கள் மூன்றில் இரண்டுக்கு என்னிடம் பதில் இருக்கிறது. டியூப் வேண்டாம், மெஷின் வேண்டாம். கிட்டைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், எனக்குக் கலர் டப்பா வியாபாரம் தெரியாது.

மூன்று நாளில் நிறம் ஏறுகிறது என்றாலே உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கும் என்று சந்தேகப்பட வேண்டும். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் எல்லாம் எக்ஸிமா, சொரியாசிஸ் மாதிரி வியாதிகளுக்கு டாக்டர் நாள் கணக்குப் பார்த்து எழுதிக்கொடுக்கிற மருந்துகள். முகத்தில் தடவினால் மேலே உள்ள ரத்தக்குழாய் சுருங்கி, சிவப்பு அடங்கி, முகம் சட்டென்று வெளுத்த மாதிரி தெரியும். அந்த முதல் வாரத்தைத்தான் விற்கிறார்கள். தொடர்ந்து பூசினால் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்துபோகும், சின்ன ரத்தக்குழாய்கள் வெளியே தெரியும், பரு கிளம்பும், தாடையில் முடி முளைக்கும், வெயில் பட்டால் எரியும். விட்டுவிடலாம் என்று நிறுத்தினால் முன்பு இருந்ததைவிட மோசமாகச் சிவந்து எரியும், அந்தப் பயத்தில் மறுபடியும் அதையே வாங்குவார்கள். கஸ்டமர் வேறு எங்கும் போகமாட்டார் என்று அவர் சொன்னதன் அர்த்தம் இதுதான். 2018இல் இந்த மாதிரி 14 ஸ்டீராய்டுக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசே கொண்டுவந்தது. ஆனாலும் என் கடைக்கு வாரத்துக்கு நாலு பேராவது காலி டியூப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, இதேதான் வேண்டும், சீட்டு இல்லை என்று வந்து நிற்கிறார்கள். இல்லை என்றால் அடுத்த கடைக்குப் போகிறார்கள், என்ன செய்ய.

பாதரசம் இன்னும் மோசம். தோல் நிறமியைச் செய்கிற வேலையையே அது தடுக்கும், அதனால் வெளுப்பது உண்மை. ஆனால் தோல் வழியாக உள்ளே போய் சிறுநீரகத்தில் உட்கார்ந்துவிடும். 2023இல் கேரளாவில் மலப்புரம் பக்கம் சிறுநீரக நோயோடு வந்த பலரை விசாரித்தபோது, பேர் தெரியாத வெளுப்புக் கிரீம்கள் போட்டவர்கள் என்று தெரிந்து பெரிய செய்தியானது. பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் போட்ட மினமாட்டா ஒப்பந்தப்படி அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கவே கூடாது. லேபிளே இல்லாத டியூப்பில் அதை யார் அளந்து பார்த்தார்கள்?

மெஷினைப் பற்றி. மேலே பூசுவதற்குச் செய்த கிரீமை ஊசியால் உள்ளே தள்ளினால் உடம்புக்கு அது அந்நியப் பொருள். கட்டி கட்டியாக வரலாம், சீழ் பிடிக்கலாம், நிறம் திட்டுத் திட்டாக நின்றுபோகலாம். ஊசி முனையை ஒருவருக்குப் போட்டதை இன்னொருவருக்குப் போட்டால் மஞ்சள் காமாலைக் கிருமி, பி, சி இரண்டும் பரவும். பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கான கதை ஆகிவிடும், கேஸ் உங்கள் மேல்தான் வரும், ஏஜென்ட் போனை எடுக்கமாட்டார். பிபி என்கிறார்களே, அந்த நிறம் கலந்த கிரீமும் பிறந்தது கொரியாவில் இல்லை. 1960களில் ஜெர்மனியில் ஒரு தோல் மருத்துவர், உரித்தெடுக்கும் சிகிச்சைக்குப் பிறகு முகத்தை மூடிப் பாதுகாக்கச் செய்தது. அதைப் பிரபலப்படுத்தியதுதான் கொரியாக்காரர்கள்.

அந்தப் பெண் போடுகிற கிரீமை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள்.

தேஜோன்_ரிட்டர்ன்

என் வீட்டுக்காரர் வேலையால் தென் கொரியாவில் தேஜோன் என்ற ஊரில் நாலு வருடம் இருந்தோம், இப்போது அழகாபுரத்தில். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், உங்கள் கிட்டில் பத்து டப்பா இருப்பதற்குக் காரணமான அந்தப் பத்துப் படி, அதாவது கொரியர்கள் தினமும் முகத்தில் பத்து விதமாகப் பூசுவார்கள் என்ற பேச்சு. அங்கே எனக்குத் தெரிந்த ஒருத்தரும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பூசிக்கொண்டிருக்கவில்லை. வெளிநாட்டில் கொரியச் சாமான் விற்க ஆரம்பித்தவர்கள், முக்கியமாக அமெரிக்காவில், ஒரு கணக்காகச் சொல்லி அது உலகமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண் ஆஸ்பத்திரியில் நர்ஸ், காலையில் அவள் செய்வதெல்லாம் முகம் கழுவி, தண்ணீர் மாதிரி ஒரு டோனரைக் கையாலேயே தட்டி, ஒரு லோஷன், ஒரு சன் கிரீம். ராத்திரி மட்டும் எண்ணெய் வைத்துத் துடைத்து அப்புறம் நுரையால் கழுவுவாள், இரண்டு தடவை. அதற்கும் காரணம் உண்டு. அவர்கள் சன் கிரீம் எளிதில் கரையாது, எண்ணெய்தான் அதை எடுக்கும், வசந்த காலத்தில் மேற்கே பாலைவனத்திலிருந்து மஞ்சள் தூசு வேறு வந்து அப்பும்.

அடுக்கடுக்காகப் பூசுவது எதற்கு என்பது எனக்கு முதல் ஜனவரியில்தான் புரிந்தது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே, காற்றில் ஈரமே கிடையாது. வீட்டுக்குள் தரைக்கு அடியில் சூடு ஓடும், ஓண்டோல் என்பார்கள், கால் இதமாக இருக்கும், ஆனால் முகத்தில் இருக்கிற ஈரத்தையெல்லாம் அது உறிஞ்சிவிடும். சிரித்தால் கன்னம் வலிக்கும். அந்த ஊரில் டோனர், எசென்ஸ், சீரம், கிரீம் என்று நாலு அடுக்குப் போட்டால் அது தேவை. சேலத்தில் மே மாதம் அதையே செய்தால் மூச்சுமுட்டி வியர்வைக்குள் பரு கிளம்பும். அந்த ஊர்ப் பெண்களே ஜூலை மழைக்காலப் புழுக்கத்தில் பாதியைக் குறைத்துவிடுவார்கள்.

அப்புறம் கிளாஸ் ஸ்கின். அங்கே யூரி பிபு என்பார்கள், யூரி என்றால் கண்ணாடி. தோலின் மேல் அடுக்கு ஈரமாக, வழவழப்பாக இருந்தால் வெளிச்சம் ஒரே பக்கமாகத் திரும்பும், அதுதான் அந்த மினுக்கு. வறண்டு சொரசொரப்பாக இருந்தால் வெளிச்சம் சிதறிச் சோர்ந்த முகமாகத் தெரியும். எந்த நிறத் தோலிலும் இது வரும். உங்கள் கஸ்டமர்கள் கிளாஸ் ஸ்கின் என்று வாயால் சொல்லி மனதுக்குள் வெளுப்பைக் கேட்கிறார்கள், குழப்பம் அங்கேதான். அதோடு போனில் காட்டுகிற அந்த நடிகை முகம் டப்பாவால் மட்டும் வந்ததும் இல்லை. அங்கே தெருவுக்குத் தெரு தோல் கிளினிக், நம் ஊரில் டீக்கடை மாதிரி. லேசர் போடுவார்கள், சால்மன் மீன் டி.என்.ஏ.விலிருந்து எடுத்ததை ஊசியாகப் போடுவார்கள். போதாததற்கு கேமராவுக்கு முன்னால் லைட், பின்னால் ஃபில்டர்.

வெளுப்பு மோகம் அங்கே இல்லை என்று சொன்னால் பொய். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அவர்கள் சட்டத்திலேயே வெளுப்பு, சுருக்கம், வெயில் தடுப்பு என்று சொல்லி விற்கிற பொருட்களுக்குத் தனி வகை உண்டு, இன்ன மருந்து இத்தனை சதவீதம் என்று விதி உண்டு. நியாசினமைடு என்றால் 2இலிருந்து 5 சதவீதம். அது கறுப்புத் திட்டை மெதுவாக மங்கச் செய்யும், இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். மூன்று நாள் கணக்கெல்லாம் அந்த ஊர்ச் சட்டத்திலும் கிடையாது. மேக்கப் குஷன், அதாவது டப்பாவில் பஞ்சோடு வரும் ஃபவுண்டேஷன், எடுத்தால் பெரும்பாலும் 21, 23 என்று இரண்டு வெளிர் ஷேடு எண்ணுக்குள் ஊரே அடங்கிவிடும், எனக்கு நாலு வருடத்தில் ஒன்றும் பொருந்தவில்லை. 2024இல்தான் டிர்டிர் கம்பெனி கறுத்த தோலுக்கும் சேர்த்து ஷேடுகளைப் பெருக்கியது. மணப்பெண் மேக்கப்புக்கு 21 எண் குஷனை யாராவது தலையில் கட்டப் பார்த்தால் வாங்கிவிடாதீர்கள்.

சொல்ல மறந்தேன், அழகு அங்கே பொழுதுபோக்கு இல்லை, பாரம். வேலைக்கு விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவது பழக்கமாக இருந்தது. உயரம், எடை, தோற்றம் பற்றிய விவரமெல்லாம் கேட்கக் கூடாது என்று 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2018 வாக்கில் நிறையப் பெண்கள் மேக்கப் சாமானை உடைத்துப் போட்டு, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, அந்தப் படங்களை வெளியிட்டார்கள், கோர்செட்டைக் கழற்று என்று அதற்குப் பெயர், கோர்செட் என்றால் இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடை. நம் பெண்கள் பார்க்கிற சீரியலில் அதெல்லாம் வராது.

கிட்டைப் பற்றி: பத்து டப்பாவையும் ஒரே உட்காரலில் முகத்தில் ஏற்றாதீர்கள். டப்பா பின்னால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கிறதா, இந்தியாவில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, பதிவு எண் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். தேதி விஷயத்தில் ஏமாறாதீர்கள். கொரியத் தேதி வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வரும். எண்ணோடு ‘காஜி’ என்ற ஈரெழுத்து இருந்தால் அதுவரை பயன்படுத்தலாம், ‘ஜேஜோ’ என்று இருந்தால் அது தயாரித்த நாள். தயாரித்த நாளைக் கெடு முடிந்த நாள் என்று நினைத்து நானே ஒரு தடவை நல்ல கிரீமைக் குப்பையில் போட்டேன்.

ஏற்காடு_காப்பித்தோட்டம்

மேலே சொன்னதற்கு நானே சாட்சி. நாங்கள் இருப்பது ஏற்காட்டில், என் தங்கை வீடு கன்னங்குறிச்சியில். மார்கழியில் இங்கே குளிரில் முகம் சுருசுருவென்று இழுக்கும், அப்போது ஒரு கொரியன் கிரீம், குட்டி ஜாடியில் கெட்டியாக இருக்கும், அதைப் போட்டால் முகம் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. சந்தோஷத்தில் அதையே எடுத்துக்கொண்டு பங்குனியில் தங்கை வீட்டுக்குப் போய் ஒரு வாரம் தங்கினேன். நாலாம் நாள் நெற்றி முழுக்க வேர்க்குரு மாதிரி பொடிப் பொடியாகக் கிளம்பியது. கிரீமும் அதே, முகமும் அதே, நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவு மட்டும்தான். வியர்வையிலும் எண்ணெயிலும் வளர்கிற ஒரு பூஞ்சையால் வருவது, பரு மருந்துக்கு அடங்காது என்று தோல் டாக்டர் சொல்லி வேறு மருந்து கொடுத்தார்.

இன்னொரு விஷயம், இங்கே சுற்றுலா வருகிறவர்கள் யாரும் நம்பமாட்டார்கள். குளிர்கிறதே, மூடுபனிதானே என்று முகத்தில் ஒன்றும் போடாமல் லேடீஸ் சீட்டிலும் பகோடா பாயிண்டிலும் நாள் முழுக்க நிற்பார்கள், மறுநாள் மூக்கு உரிந்துபோய் இறங்குவார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடும். சேலத்தைவிட நாங்கள் 1,200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறோம். மெல்லிய மேகம் வெளிச்சத்தை மங்கச் செய்யுமே தவிர அந்தக் கதிரைப் பெரிதாக நிறுத்தாது. சூடு வேறு, கதிர் வேறு. தோட்டத்தில் பழம் பறிக்கிற அக்காமார்கள் சில்வர் ஓக் நிழலிலேயே வேலை செய்தாலும் முக்காட்டை எடுக்கமாட்டார்கள். எனக்கு அந்தப் புத்தி இல்லை, முப்பத்தெட்டு வயதில் இரண்டு கன்னத்திலும் மங்கு, அதாவது கறுப்புத் திட்டு.

மங்குக்கு ஒரு குறிப்பு. சாதாரண சன்ஸ்கிரீன் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைத் தடுக்காது, நம் மாதிரி தோலில் அந்த வெளிச்சமும் மங்கைக் கூட்டும். இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, லேசாகத் தோல் நிறத்தில் இருக்கிற சன்ஸ்கிரீன் என்றால் தடுக்கும். கொரியன் சன் கிரீம்கள் பூச இதமானவை, நான் மறுக்கவில்லை, ஆனால் டோன் அப் என்று, முகத்தை வெளுப்பாகக் காட்டுவதற்குப் போட்டிருப்பதை வாங்கினால் நாம் விபூதி பூசின மாதிரி இருப்போம். எவ்வளவு போடுகிறோம் என்பதும் முக்கியம், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடு போட்டால் எவ்வளவு வருமோ அவ்வளவு முகத்துக்கும் கழுத்துக்கும். பட்டாணி அளவு தொட்டு வைத்துவிட்டு எஸ்.பி.எஃப். 50 என்று நம்பக் கூடாது.

அம்மாப்பேட்டை_பெரியம்மா

எல்லாரும் பெரிய பெரிய பேராகச் சொல்கிறீர்கள் கண்ணுகளா. எங்கள் மாமியார் எண்பது வயது வரை தறியில் உட்கார்ந்தவர், பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் தவிர ஒன்று தெரியாது, முகத்தில் ஒரு பொட்டுத் தழும்பு கிடையாது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், பீர்க்கங்காய் நாரை வைத்து முதுகு தேய்ப்பது, அரிசி கழுவின தண்ணியில் முகம் அலசுவது. இதையெல்லாம் விட்டுவிட்டு கொரியன் கிரீம் என்று நத்தைச் சளியை 1,500 ரூபாய் கொடுத்து வாங்கிப் பூசுகிறார்கள். என் பேத்தி வெள்ளிக்கிழமை கவுச்சி தொடமாட்டாள், நத்தை மட்டும் முகத்தில் இருக்கலாமாம்.

தேஜோன்_ரிட்டர்ன்

பெரியம்மா, சிரித்துவிட்டேன். ஆனால் நீங்கள் சொல்கிற அதே சாமான்தான் அங்கேயும் இருந்தது தெரியுமா? சோப்பு வருவதற்கு முன்னால் கொரியப் பெண்கள் முகம் கழுவியது பாசிப்பயறு அரைத்த மாவில், ஜோடு என்று பெயர். பொதுக் குளியல் கூடத்தில் வெந்நீரில் ஊறிவிட்டு ஒரு சொரசொரப்பான பச்சைத் துணியால் அழுக்கு உருட்டி எடுப்பார்கள், இத்தாலி டவல் என்பார்கள், செய்தது 1960களில் புசான் நகரில், துணி மட்டும் இத்தாலி. உங்கள் பீர்க்கங்காய் நாருக்கு அக்காள் தங்கை. அரிசித் தண்ணீரும் உண்டு. இப்போது சிகா என்று விலை ஏற்றி விற்கிறார்களே, அது நம் வல்லாரை. நாம் துவையல் அரைத்துச் சாப்பிடுகிறோம், அங்கே புண் ஆற்றும் களிம்பாக விற்றார்கள், பிறகு கிரீமாக்கினார்கள். எரிச்சலுக்கும் சிவப்புக்கும் இதமாக இருக்கும், அதற்காகப் பச்சையாக அரைத்து முகத்தில் அப்பிவிட வேண்டாம், சிலருக்கு அரிக்கும்.

ஒன்றில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மாமியாருக்குத் தழும்பு இல்லாதது பயத்தமாவாலா, காலையிலிருந்து மாலை வரை தறிக் கூரைக்குக் கீழே நிழலில் இருந்ததாலா?

அம்மாப்பேட்டை_பெரியம்மா

அதுவும் சரிதான். ஆனால் மாவு செலவில்லை.

பனங்காடு_கொலுசுப்பட்டறை

நடுவில் ஒரு கேள்வி, ஆம்பளைங்க இதெல்லாம் போடலாமா? எனக்குப் பட்டறையில் பற்றவைக்கிற வேலை, நாள் முழுக்க முகத்துக்கு நேரே நெருப்பு. மூக்கு மேல் கறுத்துக்கொண்டே போகிறது. நண்பர்களிடம் கேட்டால் கிண்டல் செய்கிறார்கள்.

செவ்வாய்ப்பேட்டை_மருந்துக்கடை

தோலுக்கு ஆண் பெண் தெரியாது தம்பி. கொரியாவில் ஆண்களும் தாராளமாகப் போடுகிறார்கள். சூடே கறுப்பைக் கூட்டும், அதனால் முகத்துக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு தடுப்புக் கண்ணாடி வைக்க முடியுமா பாருங்கள், கண்ணுக்கும் நல்லது. வேலை முடிந்ததும் மென்மையான ஃபேஸ் வாஷ், ஒரு ஜெல் மாய்ஸ்ரைசர், வெளியே வண்டியில் போனால் சன்ஸ்கிரீன். ஆசிட் வாசனை வருகிற கையோடு முகத்தைத் தொடாதீர்கள்.

குகை_பார்லர்

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு நேற்று ராத்திரி தூக்கமே வரவில்லை, ஏனென்றால் நான் இத்தனை வருடம் செய்த சிலதும் இதில் மாட்டுகிறது. மங்கு இருக்கிறவர்களுக்கும் பத்து நிமிடம் ஸ்டீம் வைத்திருக்கிறேன், வால்நட் ஸ்கிரப் போட்டுத் தேய்த்திருக்கிறேன், அன்றைக்கே பிளீச்சும் செய்திருக்கிறேன். கேட்டார்கள், செய்தேன். தேய்த்த இடம் பிறகு கறுத்துப்போய், அதற்கு இன்னொரு ஃபேஷியல்.

கிட்டைப் பிரித்துப் பார்த்தேன். பத்து டப்பாவில் ஏழில் உள்ளே என்ன இருக்கிறது என்ற பட்டியலே இல்லை, வெறும் அரிசிக் கதிர் படம், ஒரு பெண் படம். அப்படியே கட்டி வைத்துவிட்டேன், காசு கொடுக்காதது நல்லதாயிற்று.

முக்கியமானது, கல்யாணப் பெண் நேற்று அவள் போடுகிற கிரீமைக் கொண்டுவந்தாள். அழகான டியூப், முழுக்கக் கொரிய எழுத்து, இறக்குமதி எண் கிடையாது, ஆங்கிலத்தில் ஒரு சின்ன வரி மட்டும், அதிலும் எழுத்துப் பிழை. அஞ்சு மாதமாகப் போடுகிறாளாம். ஒரு நாள் போடாவிட்டால் முகம் மிளகாய் தடவின மாதிரி எரிகிறதாம். போட்டோ போட்டிருக்கிறேன், தேஜோன் அக்கா, படித்துச் சொல்கிறீர்களா?

தேஜோன்_ரிட்டர்ன்

படித்தேன். பெரிய எழுத்தில் போட்டிருப்பது ஹேண்ட் கிரீம். கைக்குப் பூசுவது. கீழே இருக்கிற வரிகள் ஏதோ ஒரு ஷாம்பூ பாட்டிலிலிருந்து எடுத்து ஒட்டியது, தலைமுடியை நனைத்து நுரை வரத் தேய்க்கவும் என்று இருக்கிறது. எழுத்து நம்மால் படிக்க முடியாது என்ற தைரியம்தான். இது கொரியாவையே பார்த்திருக்காது.

செவ்வாய்ப்பேட்டை_மருந்துக்கடை

ஒரு நாள் விட்டால் எரிகிறது என்றால் ஸ்டீராய்டுதான் என்று என் சந்தேகம், ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் டாக்டர். நீங்களாகவே சட்டென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள் அக்கா, எப்படிக் குறைப்பது, நடுவில் என்ன போடுவது என்று தோல் மருத்துவரே சொல்லட்டும். டியூப்பையும் கையோடு கொண்டு போகச் சொல்லுங்கள். ஜி.எச்.சில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டுப் போட்டுவிட வேண்டும். கால் வீக்கம், மூத்திரத்தில் நுரை ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள், பாதரசமும் இருக்கலாம் அல்லவா, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிட்டால் நிம்மதி. அதுவரை நூல், மெழுகு, பிளீச், ஸ்கிரப் எதுவும் அந்த முகத்தில் படக்கூடாது.

ஏற்காடு_காப்பித்தோட்டம்

ஸ்கூட்டியில் போகிற பெண்ணா? வெயிலில் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், இந்த நிலைமையில் சன்ஸ்கிரீன்கூட எரியலாம், துணி எரியாது. கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது?

குகை_பார்லர்

முப்பத்தொரு நாள். செவ்வாய்க்கிழமை எனக்கு எப்படியும் கூட்டம் இருக்காது, நானே ஜி.எச்.சுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன், அவள் ஒத்துக்கொண்டாள். அவள் அம்மாதான் வாசலில் நின்றுகொண்டு, டாக்டர் கிரீமை நிறுத்தச் சொல்லிவிட்டால் கல்யாணத்துக்குள் பழைய நிறம் வந்துவிடுமே, போட்டோ எப்படி இருக்கும் என்று கேட்டார். பழைய நிறத்தில்தானே மாப்பிள்ளை வீட்டில் பெண் பார்த்தார்கள் என்றேன். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை, கோபமா இல்லையா தெரியவில்லை. மணப்பெண் பேக்கேஜில் இருந்த மூன்று ஃபேஷியலையும் எடுத்துவிட்டேன், அந்தக் காசைக் குறைத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறேன், எனக்கு நஷ்டம்தான்.

ஏஜென்ட் இன்று காலையில் போன் செய்தார். கிட்டை வந்து எடுத்துக்கொள்ளுங்கள், மெஷினும் வேண்டாம் என்றேன். அப்போ என்னதான்க்கா வேணும் உங்களுக்கு என்றார். ஃபேஷியல் கட்டிலுக்கு மேலே மாட்ட ஒரு நல்ல ஃபேன் கிடைத்தால் கொண்டு வாருங்கள் என்று வைத்துவிட்டேன்.